ஒன்பது 'சி' ஒளித்து வைத்த பையன்

பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் இரண்டு பேர் போன வாரம் ஜோகுபாளையத்தில் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஹிட்லர் காலத்தில் யூதர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சாதாரண மனிதர்களைப் பற்றி ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது மேடம் என்று கேட்டீர்கள். ஆரம்பிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, முடிப்பதில்தான் எல்லாக் கஷ்டமும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவருக்குப் போன் வந்துவிட்டது. இன்னொருவர் கூப்பிட்ட ஆட்டோ வாசலில் நின்று ஹாரன் அடித்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினீர்கள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டாலும் படியுங்கள்.

எங்கள் சரித்திரப் புத்தகத்தில் ஹிட்லர் விரிவாக இருப்பான். முகாம்கள் இருக்கும். காப்பாற்றியவர்களைப் பற்றிப் பேச இடம் இருக்காது. நான் வருஷா வருஷம் பி.டி. சாரிடம் கெஞ்சி அவருடைய பீரியட் ஒன்றை வாங்கி அவர்களைப் பற்றிச் சொல்வேன். பன்றிக் கொட்டகைக்கு அடியில் குழி தோண்டி ஒரு குடும்பத்தை மறைத்து வைத்த விவசாயி. படகின் அடித்தட்டில் ஆட்களைப் படுக்கவைத்துக் கடலைத் தாண்டிய மீனவர்கள். மேலிடம் கூடாது என்று சொல்லியும் கை கடுக்கக் கடுக்க விசா எழுதிக் கொடுத்த தூதரக அதிகாரி. பிள்ளைகளுக்கு வேறு பெயர் வைத்து மடத்துக்குள் வளர்த்த கன்னியாஸ்திரீகள். இதையெல்லாம் நான் உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன். நடந்துகொண்டே சொல்வேன். சிப்பாய்கள் வரும் இடம் வந்தால் மேஜையை டம் டம்மென்று தட்டி, "உள்ளே யார் இருக்கிறது?" என்று அதட்டுவேன். வகுப்பே சேர்ந்து "யாரும் இல்லை!" என்று கத்தும். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பிள்ளைகளுக்கு அந்தப் பீரியட் அவ்வளவு பிடிக்கும். எனக்கும்தான்.

நான் சொல்லப் போகும் வாரத்தில் ஒன்பது 'சி'யில் இந்தப் பாடம் முடிந்து ஒன்றிரண்டு நாள் ஆகியிருந்தது. லன்ச் முடிந்து நான் உள்ளே போனபோது ஸ்மார்ட் போர்டு நடுவில் விரிசல் விட்டு சிலந்தி வலை மாதிரி கோடு கோடாக இருந்தது. யாரோ ஒரு தர்மவான் எங்கள் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது அது. சனிக்கிழமை அவரே குடும்பத்தோடு வந்து பார்ப்பதாக இருந்தார். பிரின்ஸிபால் மேடத்தின் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

லன்ச் நேரத்தில் வகுப்பில் இருந்தது திலீப் ஒருவன்தான் என்றார்கள். திலீப் அந்த வருஷம்தான் எங்களிடம் சேர்ந்தவன். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். அம்மா கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் வேலை. மார்க் நன்றாக இருந்ததால் நிர்வாகம் பீஸைத் தள்ளுபடி செய்து சலுகை சீட் கொடுத்திருந்தது. சலுகை சீட் என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும், ஒரு சின்னத் தப்புக்குக்கூட அதில் இடம் கிடையாது. மற்ற பிள்ளைகள் மைதானத்தில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் சில பேர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் டப்பாவை வகுப்பிலேயே திறப்பான். இதை அவன் என்னிடம் சொன்னதில்லை. நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

நான் மேஜைக்கு முன்னால் நின்று கேட்டேன். "லன்ச்ல இங்க வேற யார் இருந்தீங்க?"

"யாரும் இல்ல மிஸ்!" என்றது மொத்த வகுப்பும். அதே ராகம், அதே சத்தம். நானே பழக்கிவிட்டது.

திலீப் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். "நீயா?" என்றேன். சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் தள்ளினான். "நீ இல்லைன்னா இல்லைன்னு சொல்லுப்பா." புத்தகத்தைத் திறந்துகொண்டான்.

பீரியட் முடிந்து நான் வராந்தாவில் போகும்போது, முன் பெஞ்சில் உட்காரும் வாயாடிப் பையன் ஒருவன் பின்னாலேயே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "மிஸ், கரெக்டா பண்ணோமா?" என்றான்.

"என்னத்த?"

"நீங்கதானே சொன்னீங்க, தேடிக்கிட்டு வந்தா காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு. எவ்ளோ கேட்டாலும் நாங்க சொல்ல மாட்டோம் மிஸ். ஃபுல் கிளாஸும் ப்ராமிஸ் பண்ணிட்டோம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவன் என்னிடம் பாராட்டு வாங்க வந்திருந்தான். நான் சொன்ன கதையில் ஒளித்து வைப்பதையும் பொய் சொல்வதையும் ஒற்றுமையாக இருப்பதையும் பிடித்துக்கொண்டார்கள். யாரை ஒளிக்கிறோம், யார் மாட்டிக்கொள்கிறான் என்பது மட்டும் அவர்கள் காதில் விழவில்லை. உடைத்தவன் அவர்களுக்கு வேண்டியவன், அவனைக் காப்பாற்றுகிறார்கள். அதற்கு விலையாகத் திலீப்பைக் கொடுக்கிறார்கள். கொடுக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. "அப்ப திலீப்?" என்று கேட்டேன். பையனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அவன ஒண்ணும் பண்ண மாட்டாங்க மிஸ், சும்மா திட்டிட்டு விட்ருவாங்க," என்று சொல்லிவிட்டு நழுவினான்.

சும்மா விடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் திலீப்பின் சலுகை போகும், டி.சி. கிழித்துக் கொடுத்துவிடுவேன் என்று பிரின்ஸிபால் மேடம் சொல்லிவிட்டார். அவரை வில்லியாக நினைக்காதீர்கள். மேலே டிரஸ்ட் அவரைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தது. நான் போய் "இவன் இல்லை மேடம், வேற பையன்" என்றேன். "பேர் சொல்லுங்க" என்றார். பேர் என்னிடம் இல்லை. "அப்போ நான் என்ன பண்ணட்டும் நீங்களே சொல்லுங்க," என்றார் களைப்போடு.

பி.டி. சார் ஒரு வழி சொன்னார். "மொத்த கிளாஸையும் கிரவுண்டுல வெயில்ல நிக்க வைங்க மேடம். அரை மணி நேரத்துல பேர் தானா வந்து விழும்." எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. என் கோபம் உங்களுக்குத் தெரியாது. ஆனால் வெயிலில் நிற்க வைத்து ஒரு பேரைக் கறந்தால், வகுப்பு அதிலிருந்து கற்றுக்கொள்ளப் போவது ஒன்றுதான். பலமாக அடித்தால் யாரையும் காட்டிக்கொடுக்கலாம் என்பது. அந்தப் பீரியடில் எடுத்த பாடத்தை நானே அழித்த மாதிரி ஆகும். வேண்டாம் என்றேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போனேன். உடைந்த போர்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போன தடவை விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். ஒரு கிராமத்துப் பெண், தன் வீட்டில் ஒரு குடும்பத்தை ஒளித்து வைத்திருந்தாள். போர் முடிந்தது, சிப்பாய்கள் போய்விட்டார்கள். ஒளிந்திருந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவளோ, பின்வாசல் வழியாகப் போங்கள், நான்தான் உங்களை ஒளித்து வைத்திருந்தேன் என்று ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். இப்படி நடந்தது ஒரு வீட்டில் மட்டும் இல்லை.

"ஏன் மிஸ்? சிப்பாய்ங்கதான் போய்ட்டாங்களே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஷபானா. பிரேசர் டவுனில் அவள் அப்பா சின்ன பேக்கரி வைத்திருந்தார், பூர்வீகம் ஆம்பூர். இந்தப் பெண்ணை நல்ல பிள்ளை என்று நான் எழுதினால் அவளே சிரிப்பாள். கை தூக்காமல் பேசுவாள், ஹோம்வொர்க் செய்ய மாட்டாள், லேட்டாக வந்து என்னோடு வாதாடுவாள். நானே அவளைப் பல தடவை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

"சிப்பாய் போயிட்டான். பக்கத்து வீட்டுக்காரன் போகலையேம்மா," என்றேன். "தெருவுல எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாங்க. இவ ஒருத்தி திறந்தா. அது தெரிஞ்சா மத்தவங்களுக்கு என்ன தோணும்? நாம ஏன் திறக்கலைன்னு தோணும். அது தோண வைச்சவளை ஊர் சும்மா விடுமா?"

மணி அடித்தது. நான் யாரையும் பார்க்காமல் வெளியே வந்தேன். சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை. நாற்காலியில் உட்கார முடியவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். ஒரு ஈ காக்கா வரவில்லை. பள்ளி விட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே வேனிலும் ஆட்டோவிலும் ஏறிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் திலீப்பின் அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். வேலையிலிருந்து நேராக, கார்ப்பரேஷன் கோட்டோடு வந்திருந்தார். பிரின்ஸிபால் மேடத்தின் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எம் பையன் செஞ்சிருக்க மாட்டான் மேடம். வீட்டுல டிவி போடறதுக்கே என்னக் கேட்டுட்டுதான் போடுவான்."

பிரின்ஸிபால் மேடம் திலீப்பைப் பார்த்தார். "கடைசி தடவையா கேக்கறேன். நீயா?"

திலீப் அம்மாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "ஆமா மேடம். நான்தான்."

அந்த அம்மாவின் கை சட்டென்று தளர்ந்து தொங்கியது. பையன் பொய் சொல்கிறான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், பிரின்ஸிபாலுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் ஒப்புதல் வந்துவிட்டது. எல்லோருக்கும் சௌகரியமான ஒப்புதல். மேடம் பேனாவை எடுத்தார்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தவித்தேன். அந்த நேரத்தில் என்னிடம் வாதம் இல்லை, சாட்சி இல்லை, பேர் இல்லை. செய்ய முடிந்தது ஒன்றுதான், நேரத்தைக் கடத்துவது. "அவங்க நின்னுக்கிட்டே இருக்காங்க மேடம், ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க," என்றேன். அட்டெண்டர் நாற்காலி கொண்டு வந்தார். அந்த அம்மா உட்கார மாட்டேன் என்றார். நான் விடவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். பிறகு திலீப்பிடம், எதை வைத்து உடைத்தாய், எங்கே நின்றாய், எப்போது என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பிரின்ஸிபால் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "மிஸ், ப்ளீஸ். ஆயித்து, முடிஞ்சுது," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தக் கதைகளில் வருகிறவர்களும் முக்கால்வாசி இதைத்தான் செய்தார்கள். கதவைத் திறக்கத் தாமதித்தார்கள், சாவியைத் தேடினார்கள், காபி சாப்பிடச் சொன்னார்கள். ஒன்றும் கையில் இல்லாதபோது கொஞ்சம் நேரமாவது வாங்கிக் கொடுங்கள்.

கதவு திறந்தது. அனுமதி கேட்கவில்லை, தட்டவும் இல்லை. ஷபானா.

"மேம், அவன் இல்ல. ரோஹித். சாப்பிட்டு வந்து கிளாஸ்ல பந்து போட்டு வெளையாடிட்டு இருந்தாங்க, போர்டுல பட்டுச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம். நானும் பாத்தேன்."

ரோஹித் என்றால் கிளாஸ் லீடர். பள்ளி கிரிக்கெட் டீமின் கேப்டன். ஒருவரையும் கடிந்து பேசாத பையன், டீச்சர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஷபானாவும் அவனும் சின்ன வயதிலிருந்து ஒரே ஆட்டோவில் பள்ளிக்கு வருகிறவர்கள். அடுத்த வாரம் அவனுக்குப் பெரிய மேட்ச் இருந்தது. வகுப்பு அவனைக் காப்பாற்றியது வஞ்சகத்தால் இல்லை, பிரியத்தால்தான்.

பிரின்ஸிபால் மேடம் ஷபானாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவளை நம்பலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். நியாயமான கேள்வி. இவள் பேரில் புகார் நிறைய, அவன் பேரில் ஒன்றுகூட இல்லை. விசாரிக்கலாம் மேடம் என்று சொல்லியிருந்தால் நான் பாதுகாப்பாக இருந்திருப்பேன். விசாரணையில் இந்தப் பெண் தனியாக நின்றிருப்பாள். "நான் நம்பறேன்," என்றேன். ரோஹித்தைக் கூப்பிட்டார்கள். வந்தவன் ஷபானாவைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டான், அழுதான். சாயங்காலம் தானே சொல்வதாக இருந்தேன் என்றான். உண்மையாகவும் இருக்கலாம்.

திலீப்பின் சீட் தப்பியது. அவன் அம்மா எழுந்து ஷபானாவின் கன்னத்தைத் தடவினார். அன்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம் பாடம் வேலை செய்துவிட்டது என்று ஒரே பூரிப்பு. சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, நேற்றைய கதைதானே உன்னைச் சொல்ல வைத்தது என்று கேட்டேன்.

"கதைலாம் இல்ல மிஸ்," என்றாள். "நான் லேட்டா வந்தேனா, திலீப் அம்மா ஆபீஸுக்கு வெளிய செருப்பக் கழட்டி ஓரமா வெச்சுட்டு உள்ள போனாங்க. நம்ம ஸ்கூல்ல யாரும் அங்க கழட்ட மாட்டாங்கல்ல. அதப் பாத்துட்டேன்."

என் பூரிப்பு அதோடு போயிற்று. போனது நல்லதுதான்.

திங்கட்கிழமை ஆரம்பித்தது மற்றது. ரோஹித் லீடர் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தான், மேட்சுக்குப் போகவில்லை, திலீப்பிடம் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டான். வகுப்புக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. திலீப்பை மைதானத்துக்கு இழுத்துப் போய் நடுவில் உட்கார வைத்துச் சாப்பிட்டார்கள். மூக்கைப் பிடித்தவர்களே அவன் டப்பாவில் கை விட்டார்கள். பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஆனால் ஷபானாவோடு ஒருவரும் பேசவில்லை. அவள் பெஞ்சில் கூட உட்கார்ந்த பெண் இடம் மாறிக்கொண்டாள். அவள் உள்ளே வந்தால் யாராவது மெல்ல "ஸ்பை" என்பார்கள். ஆட்டோக்காரர், ரோஹித் வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று அவளுக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

நான் சும்மா இருக்கவில்லை. பெஞ்சுகளை மாற்றிப் போட்டேன். குரூப் வேலை கொடுத்து அவளை ஒவ்வொரு குரூப்பிலும் சேர்த்தேன், வேலை முடிந்ததும் மறுபடி தனியாக உட்கார்ந்தாள். வகுப்பில் கத்தினேன். கத்தினதும் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக அவளிடம் ஒரு வார்த்தை பேசினார்கள், அது இன்னும் கொடுமையாக இருந்தது. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினேன், பாதிப் பேர் "பிள்ளைங்க சமாச்சாரம் மிஸ்" என்றார்கள். கடைசியில் திலீப்பைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நீயாவது அவகிட்ட பேசக் கூடாதாடா?"

அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "பேசணும்னுதான் மிஸ் இருக்கு. இப்பதான் என்னைச் சேத்துக்கிட்டாங்க. அவகிட்ட பேசினா மறுபடி தள்ளிடுவாங்க."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். அந்தப் பாடத்தைத் தாராளமாக எடுங்கள். படகையும் குழியையும் சொல்லுங்கள், பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். ஆனால் சொல்லி முடித்த பிறகு உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை உண்மையிலேயே கதவைத் திறந்துவிட்டால், அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளையோடு யார் உட்காருவார்கள் என்பதையும் யோசித்துவிட்டுப் போங்கள். நான் யோசிக்க யோசிக்க இன்னும் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் எனக்கு வந்து சொல்லுங்கள், இந்தத் தடவை காபியை முழுசாகக் குடித்துவிட்டுப் போகலாம்.

வருஷ முடிவில் ஒன்பது 'சி'யிலிருந்து ஒரு டி.சி. போகத்தான் செய்தது. ஷபானாவுடையது. அவள் அப்பா வந்து ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் பக்கத்துல ஸ்கூல் கெடைச்சுது மேடம், அதான்," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். அவள் கேட்டுக்குப் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள்தான் பேசினாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டா? அந்தப் பன்னிக் கொட்டகைக்காரங்க, அந்த ஊர்க்கார அம்மா, அவங்ககிட்டல்லாம் அப்புறம் யார் மிஸ் பேசினாங்க?"

ஏதாவது இனிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். இந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சில பேருக்கு ரொம்ப வருஷம் கழிச்சு மரியாதை கிடைச்சுது," என்றேன். "சில பேர் சாகற வரைக்கும் யார்கிட்டயும் வாயே திறக்கல. சில பேர் ஊரை விட்டே போயிட்டாங்கம்மா."

அவள் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்ப சரி மிஸ்," என்றாள். அப்பாவின் ஸ்கூட்டர் வந்தது, பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.